ரஷ்யா தெரியுதா?

உங்க மகனுக்கு அமெரிக்காவுல ஓட்டுரிமை வந்துருச்சாமே, சந்தோசம். துணை ஜனாதிபதிக்கு நிக்கிற ஆளுக்கு வெளிநாட்டு விவகாரம் புரியுமான்னு எப்படிப் பாக்கிறதுன்னு கேக்கிறானாக்கும்? அந்த ஊர்ச் சனம் பாக்கிற மாதிரியே பாக்கச் சொல்லுங்க தம்பி, ரொம்பச் சுளுவு.

2008-ல ஜனாதிபதிக்கு நின்ன ஜான் மெக்கெய்ன் தன்னோட 72-வது பொறந்த நாளன்னைக்கே, அலாஸ்கா கவர்னர் சாரா பேலினைத் துணைக்கு நிறுத்துனாரு. அந்தம்மா பாஸ்போர்ட் எடுத்தே ஒரு வருசந்தான் ஆச்சு. ரஷ்யாவைப் பத்தி டிவிக்காரர் கேட்டா, எங்க மாநிலத்துத் தீவுல நின்னா ரஷ்யா கண்ணுக்குத் தெரியும்னாங்க. பொய்யில்லை. அலாஸ்காவோட லிட்டில் டயோமீடு தீவுக்கும் ரஷ்யாவோட பிக் டயோமீடுக்கும் நடுவுல நாலு கிலோமீட்டர்கூட வராது. ஆனா, வீட்டுல இருந்தே தெரியுதுன்னு சொன்னது டினா ஃபேங்கிற நடிகை, அந்தம்மா மாதிரி வேசங்கட்டி. நிறையப் பேரு இன்னைக்கும் அதை பேலின் கணக்குலதான் எழுதி வச்சிருக்காங்க.

கட்சிக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஐ.நா. கூட்டத்து வாரமாப் பாத்து நியூயார்க்குக்குக் கூட்டிப்போயி ஆப்கானிஸ்தான் ஜனாதிபதி கர்சாய், கொலம்பியா ஜனாதிபதி உரிபே, முன்னாள் வெளியுறவு மந்திரி கிஸிஞ்சர்னு வரிசையா உக்காரவச்சுப் படம் புடிச்சாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி காபித் தட்டோட நிக்கிற கதைதான்.

எதிர்ப்பக்கம் துணைக்கு நின்னது ஜோ பைடன், அப்போ செனட் வெளியுறவுக் குழுத் தலைவரு. அக்டோபர் 2 விவாதத்துல, நாங்களும் பிரான்ஸும் சேந்து ஹிஸ்புல்லா இயக்கத்தை லெபனானை விட்டே துரத்துனோம்னு கணீர்னு சொன்னாரு. யாரும் துரத்தலை, அது பாட்டுக்கு அங்கயேதான் இருந்துச்சு. பாத்தது ஏறக்குறைய 7 கோடிப் பேரு. தடுமாறித் தப்பாச் சொன்னாத்தானே தப்பு?

அனுபவம்தான் முக்கியங்கிறீங்களா? 2000-ல துணைக்கு நின்ன டிக் சேனி முன்னாள் பாதுகாப்பு மந்திரி. அவரை மிஞ்சவா ஆளு? ஈராக்குல பேரழிவு ஆயுதம் இருக்கு, சந்தேகமே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாரு. 2003-ல படையே போயித் தேடுச்சு. இருந்தாத்தானே கிடைக்கும்.

துணைக்கு நிக்கிறவரு தலையில நாளைக்கு என்ன வந்து விழும்னும் முன்கூட்டியே தெரியாது. ஹாரி ட்ரூமனைப் பாருங்க, கான்சாஸ் சிட்டியில சட்டை, தொப்பி விக்கிற கடை வச்சு நொடிச்சுப் போனவரு. துணை ஜனாதிபதியா இருந்ததே 82 நாள். 1945 ஏப்ரல் 12-ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கண்ணை மூடிட்டாரு, நாற்காலி இவருக்கு வந்துருச்சு. அணுகுண்டு சங்கதியை இவருக்கு விளக்கமாச் சொன்னது ஏப்ரல் 25-ல. ஆகஸ்ட்டுல ஹிரோஷிமா. முந்தின வருசத் தேர்தல்ல அவருகிட்ட யாரு போயி அதைக் கேட்டிருப்பா? கேட்டிருந்தாலும் முழிச்சிருப்பாரு.

அதனால மகன்கிட்டச் சொல்லுங்க: துணைக்கு நிக்கிற சின்னவரை எடை போடறதுக்கு முந்தி, ஜனாதிபதிக்கு நிக்கிற பெரியவரோட வயசைப் பாக்கட்டும். அப்புறம் விவாதத்துல எவராச்சும் ஒருத்தர், இது எனக்குத் தெரியலை, தெரிஞ்சவங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னா, எந்தக் கட்சியா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டைக் குத்தச் சொல்லுங்க. அப்படியே எனக்கும் ஒரு போனைப் போடச் சொல்லுங்க, அந்த மனுசனை நானும் பாக்கணும்.