பெருங்களத்தூர் தரிசனம்

கேள்வி: தீபாவளிக்குக் குடும்பத்துடன் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் செல்ல உத்தேசம். நெரிசலில் சிக்காதிருக்க எப்போது புறப்படலாம்?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: பிரம்ம முகூர்த்தத்தில் புறப்பட்டால் சாலை காலியாக இருக்கும் என்னும் ரகசியம் தங்களுக்கு மட்டுமே தெரிந்ததன்று, அதை அறிந்த சகல குடும்பங்களும் அதே வேளையில் பெருங்களத்தூரில் ஒன்றையொன்று தரிசித்துக்கொள்வதே பண்டிகைக் கால வழக்கம். அன்றியும், 4 மணிக்கென்று நிச்சயித்த பிரயாணம், புளியோதரை ஆறி, பாட்டியின் மாத்திரை டப்பா அகப்பட்டு, காஸை மூடினோமா என்ற சந்தேகம் தாம்பரத்தில் உதித்து, வண்டி வீட்டுக்கே திரும்பி, மீண்டும் கிளம்புகையில் ஆறரையாகிவிடும் என்பதையும் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே, லீவு கிடைக்குமானால் 2 நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது உத்தமம். கிடைக்காதெனில், ஜி.எஸ்.டி. சாலையை அடியோடு மறந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் மார்க்கமாகச் செங்கல்பட்டை அடையுங்கள். பரனூர் சுங்கச்சாவடியின் வரிசையில் நிற்கும் பாக்கியம் இராது. ஆத்தூர்ச் சாவடியிலிருந்து தப்ப முடியாதாகையால், ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்; இல்லையேல் பின்னால் நிற்பவர்களின் ஹாரன் தங்கள் குலத்தையே விசாரிக்கும். உண்மையில் காலியான சாலை வேண்டுமெனில் தீபாவளியன்று காலையில் புறப்படலாம். மாமியாருக்குச் சமாதானம் சொல்வது தங்கள் பொறுப்பு. திரும்பும் நாளைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஞாயிறு மாலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.