42 சிகரங்களும் ஒரு மடக்கு நாற்காலியும்: மலைச்சுற்று நேர அட்டவணை குறித்த ஓர் ஆய்வு

ஒரே நாளில் பல சிகரங்களை ஓடிக் கடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு எது முதன்மையாக வேண்டும்? கால் வலிமை என்பார் ஒரு சாரார். மூச்சு வலிமை என்பார் மற்றொரு சாரார். அற்றன்று, கட்டம் போட்ட ஒரு தாள் வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு. ஆய்வுக் களம் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். ஆய்வுப் பொருள், கெஸ்விக் ஊரின் மூட் ஹால் வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் பாப் கிரஹாம் சுற்று. சிகரங்கள் 42, தூரம் ஏறத்தாழ 66 மைல், மொத்த ஏற்றம் 27,000 அடி. அத்தனையும் 24 மணி நேரத்துக்குள்.

முன்னோர் கூறியதை முதலில் பார்ப்பது முறை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்கு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல், 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். மலை நடைக்கு இன்றும் பலர் கைக்கொள்ளும் விதி இது. இச்சுற்றுக்குப் பொருத்தினால் தூரத்துக்கு 22 மணி, ஏற்றத்துக்குப் பதின்மூன்றரை, ஆக முப்பத்தைந்தரை மணி நேரம். எனவே இதை ஒரு நாளில் முடிக்க இயலாது என்பது ஐயமற நிறுவப்பட்டது.

கட்டுரையை இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரஹாம் 1932 ஜூனில் இதை 23 மணி 39 நிமிடத்தில் முடித்துத் தொலைத்தார். காலில் டென்னிஸ் ஷூ, நீளமான அரைக்கால் சட்டை, மேலே பைஜாமாச் சட்டை. சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும், அரைவேக்காட்டு முட்டை, பழம், மிட்டாய். வயதுக்கு ஒன்றாக 42 சிகரம் வைத்துக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அறுபது வயதில் அவருக்கு இந்த யோசனை தோன்றாதது பின்வந்தவர்கள் செய்த புண்ணியம். அதற்கே அடுத்த 28 ஆண்டுகள் ஒருவராலும் அதை மறுபடி செய்து காட்ட முடியவில்லை.

அவருக்கு மிஞ்சியது 21 நிமிடம். 42-ஆல் வகுத்தால் சிகரத்துக்கு மிகச் சரியாக அரை நிமிடம். உச்சிதோறும் நின்று, இடுப்பில் கைவைத்து, ஏரிகளை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், கணக்கு கவிழ்ந்திருக்கும்.

இனி இவ்வாய்வின் மையக் கருதுகோள்: சுற்றின் ஆபத்தான இடம் சிகரம் எதுவுமன்று, மடக்கு நாற்காலி. பாதை சாலையைத் தொடும் இடங்கள் நான்கு: த்ரெல்கெல்ட், டன்மெயில் ரெய்ஸ், வாஸ்டேல், ஹானிஸ்டர். துணைக்குழு அங்கே காரை நிறுத்திக் காத்திருக்கும். அட்டவணையில் 'ஓய்வு 10 நிமிடம்' என்று ஒரு வரி. ஓடி வந்தவர் உட்காருகிறார். ஷூ நாடாவின் முடிச்சு சேற்றில் ஊறி இறுகிவிட்டது. விறைத்த விரலுக்கு அது மசியவில்லை. ஒருவர் நகத்தால் நோண்டுகிறார். இன்னொருவர் சூப்பா, டீயா, பாஸ்தாவா என்று கேட்கிறார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மூளை முந்தைய மலையிலேயே தங்கிவிட்டது. ஈரச் சாக்ஸ் உரிந்து, உலர்ந்த சாக்ஸ் பாதி ஏறி நிற்கும்போது யாரோ நேரம் சொல்கிறார்கள். கிரஹாமின் 21 நிமிடத்தை நான்கு நிறுத்தங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஐந்தேகால் நிமிடம். சாக்ஸுக்கே அது காணாது.

இவற்றுள் வாஸ்டேல் நாற்காலி தனி ஆய்வுக்குரியது. அங்கு வருவதற்குள் 30 சிகரங்கள் முடிந்திருக்கும். பாக்கி 12 தானே என்று மனம் கணக்குப் போடும். எதிரிலேயே யூபாரோ மலை நிற்கிறது, கடல்மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து கிட்டத்தட்ட நேர்க்குத்தாக. நாற்காலியை அதற்கு முதுகு காட்டிப் போடுவதே துணைக்குழுவுக்கு அழகு.

கடா: ஸ்கேஃபெல் பைக், ஸ்கேஃபெல் ஆகிய சிகரங்கள் அருகருகேதானே இருக்கின்றன, அங்கு ஏன் தாமதம்? விடை: வரைபடத்தில் அப்படித்தான். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக்கிலிருந்து இறங்கினால் நடுவே பிராட் ஸ்டாண்ட் என்னும் பாறை மறிக்கிறது. கயிறு பிடித்து ஏறினால் நேர்வழி. இல்லையேல் கீழே இறங்கிச் சுற்றி ஏற வேண்டும். கயிற்று வழியை அட்டவணையில் எழுத ஒரு நொடி போதும். கயிற்றோடு முன்கூட்டியே ஒருவர் அந்தக் குளிரில் போய் நிற்க வேண்டுமே, அவரைப் பிடிப்பது பெரும்பாடு. மலையில் துணை தேவைப்படுவது இங்கு மட்டுமன்று. சுற்றை முடித்தவர்களுக்கான பாப் கிரஹாம் கிளப்பில் உறுப்பினராக வேண்டுமானால் ஒவ்வொரு சிகரத்திலும் உடன் ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஓடுபவர் ஒருவர், அட்டவணையோ ஒரு கூட்டத்துக்கு.

இருட்டை எங்கே வைப்பது என்பதும் தாளிலேயே முடிவாகிறது. நள்ளிரவில் புறப்பட்டால் ஸ்கிட்டா மலை இருளில் போகும். மாலையில் புறப்பட்டால் ஹெல்வெலின் மலைத்தொடர் இரவில் வரும். அகன்ற புல்முகடுகளில் மூடுபனி இறங்கினால் உச்சிக் கற்குவியலைத் தேடுவதற்குள் பல அரை நிமிடங்கள் போய்விடும். இதற்காகவே ஜூன் மாதக் குறுகிய இரவையும் முழுநிலவையும் பார்த்து நாள் குறிக்கிறார்கள். மேகத்திடம் யாரும் நாள் கேட்பதில்லை.

வேகக்காரர்களின் சாதனைகள் இவ்வாய்வுக்கு உதவா. பில்லி பிளாண்ட் 1982-இல் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார்; 36 ஆண்டுகளுக்குப் பின் கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் முடித்தார். இவர்களுக்கு மீந்த நேரத்தில் ஒரு நல்ல தூக்கம் போடலாம்.

உதவுபவர் வாஸ்டேலில் ஆடு வளர்த்த ஜாஸ் நெய்லர். 1975-இல் அவர் சிகரங்களை 72 ஆக்கி, 23 மணி 20 நிமிடத்தில் திரும்பினார். மீதி 40 நிமிடம். சிகரத்துக்கு 33 விநாடி. 43 ஆண்டு இடைவெளியில் இருவர், இருவருக்கும் ஏறக்குறைய அதே அரை நிமிடம்! இரண்டு தரவுகள் பொருந்திவிட்டால் விதி வகுக்கலாம் என்பது போலி ஆய்வின் பொது நெறி, அவ்வாறே வகுக்கப்பட்டது. சுற்றை இரண்டாவதாக முடித்த ஆலன் ஹீட்டன் 1960-இல் 22 மணி 18 நிமிடத்தில் வந்து, சிகரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் மிச்சம் வைத்து இவ்விதியைக் கெடுக்கிறார். இத்தகைய தரவை அடிக்குறிப்பில் ஒதுக்குவது மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு கிடையாது.