ஸாரி சொல்லும்போது கை எங்கே இருக்கிறது? ஆங்கில இரக்கச் சொற்கள் குறித்து ஒரு முன்னாய்வு

இரக்கத்தை நிறுக்கும் தராசு இன்னும் கடைக்கு வரவில்லை. ஆகவே இவ்வாய்வாளர் வேறொரு முறையை வகுத்துக்கொண்டார்: ஆங்கிலத்தில் அனுதாபம் தெரிவிப்பவரின் கை, சொல்லி முடிப்பதற்குள் தம் சட்டைப்பையை நோக்கி எத்தனை அங்குலம் நகர்கிறது? பெரும்பாலும் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்திலும் தர வேறுபாடு உண்டு என்பதே இக்கட்டுரையின் கண்டுபிடிப்பு.

'லக்' குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 'பேட் லக்' மெய்யாகவே வருந்தும். 'ஹார்ட் லக்' ஆட்டத்தில் தோற்றவருக்கானது. கை அவர் முதுகு வரை போய்த் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். 'டஃப் லக்' என்பதோ, அனுதாப வேடம் போட்ட 'அதுக்கு நான் என்ன செய்ய?' அண்ணன்மார் இருவரையும் பார்த்து நம்பி, இந்தக் கடைக்குட்டியிடம் ஆறுதல் தேடிப் போனவர்கள் பாவம். எப்படியானாலும் பழியை விதியின் தலையில் கட்டுவதில் மூவரும் ஒரே ரத்தம்.

'வாட் எ பிட்டி', 'வாட் எ ஷேம்' இரண்டும் மழையில் நனைந்த தோட்ட விருந்துக்குப் போதும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் 'ப்ளெஸ் ஹெர் ஹார்ட்' தனி ரகம். அதைச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெண்மணியைப் பற்றி எந்தப் புறணியும் பேசலாம்.

இனி 'ஸாரி'. அனுதாபம், மன்னிப்பு என்று இரண்டு வேலைக்கும் இந்த ஒரே ஆள்தான். சாவு வீட்டில் 'ஐயம் ஸாரி' என்பவரைக் கொலைகாரர் என்று யாரும் பிடித்துக்கொடுப்பதில்லை. விபத்து நடந்த சாலையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே அந்தச் சொல் நஷ்டஈட்டு வழக்கில் சாட்சி சொல்லிவிடுமோ என்ற பயம். மாசசூசெட்ஸில் ஒரு செனட்டரின் மகள் சைக்கிளில் போகையில் கார் மோதி இறந்தாள். காரோட்டி ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த மாநிலம் 1986இல், விபத்துக்குப் பின் சொல்லும் பரிவுச் சொற்களைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்று சட்டமே போட்டது.

கலிஃபோர்னியா 2000இல் இதைப் பொற்கொல்லர் நுட்பத்தோடு செய்தது. 'ஸாரி, உங்களுக்கு அடிபட்டுவிட்டதே' என்றால் சட்டம் காக்கும். 'ஸாரி, நான் பிரேக் போடவில்லை' என்றால் காக்காது. அதாவது சட்டைப்பை தொடங்கும் இடத்தைச் சட்டமன்றம் கோடு போட்டே காட்டிவிட்டது! எம் அங்குல முறைக்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மட்டும் 2006இல் தாராளம் காட்டியது. அங்கே தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாலும் அது பொறுப்புக்கு ஆதாரமாகாது. எதற்கெடுத்தாலும் ஸாரி சொல்பவர்கள் என்று பெயரெடுத்த நாட்டுக்கு வேறு வழியும் இல்லை. அதே 2006இல் இங்கிலாந்தும், மன்னிப்புக் கேட்டது ஒன்றே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதிவைத்தது.

பிற்சேர்க்கையாக ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2016இல் நம் 'ஐயோ'வையும் ஆங்கிலச் சொல்லாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே கலிஃபோர்னியாவில் முன்னால் நிற்கும் காரை இடித்துவிட்டு 'ஐயோ' என்று அலறும் நம்மவர், பிரேக்கைப் பற்றி அலறினாரா, அடிபட்டவரைப் பற்றி அலறினாரா என்பதை அவருடைய வக்கீல்தான் தீர்மானிக்க வேண்டும்.