நாக்கு நிரபராதி

கேள்வி: கொரோனா வந்து போனதிலிருந்து கருவாட்டுக் குழம்புகூடச் சப்பென்று இருக்கிறதே! என் நாக்கு செத்துவிட்டதா?
– வாசகி, ஏர்வாடி

பதில்: நாக்கு நிரபராதி அம்மா! மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழம்பில் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு, புளிப்பு தெரியும், மிளகாய் காரம் சுரீரென்று ஏறும். ஆனால் அது கருவாடா கத்தரிக்காயா என்றே பிடிபடாது. நாம் ருசி என்று கொண்டாடுவதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். கொரோனா கிருமி பெரும்பாலும் மணம் அறியும் நரம்பைத் தொடாமல், அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத் தாக்குகிறது. அந்தச் செல்கள் புதிதாக வளரக்கூடியவை என்பதால் பலருக்குச் சில வாரங்களிலேயே மணம் திரும்புகிறது. மத்திய அரசு 2020 ஜூனில் மணம் தெரியாமல் போவதைக் கொரோனா அறிகுறிகளில் சேர்த்தது.

இழுத்தடித்தால் மூக்கைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள்! ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட பயிற்சி இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும், 12 வாரம். உங்கள் ஊர் தர்கா ரோஜா, எலுமிச்சை, அஞ்சறைப்பெட்டிக் கிராம்பு, யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் போதும். முகரும்போது அந்த மணத்தை மனதுக்குள் நினைத்துப் பாருங்கள். இடையில் காபியும் வெங்காயமும் கருகிய நாற்றம் அடிக்கலாம். பயப்படாதீர்கள், மணம் அறியும் திறன் மீளும்போது பலருக்கும் நேர்வதுதான்.

அதுவரை மீன் கெட்டதா, கேஸ் கசிகிறதா என்று வீட்டில் வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.