கழுத்துக்கு மேலே பேய்

அக்டோபர் 31-ஆம் தேதி சாயங்காலம் நியூஜெர்சித் தெருக்களில் நடுங்கிக்கொண்டு போகிறவர்கள் யாரும் பேய்க்குப் பயந்தவர்கள் இல்லை. குளிர். பகலில் வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஒரு மாதம் யோசித்து, ஆன்லைனில் அளவு பார்த்து வாங்கி, பிடிக்காமல் திருப்பி அனுப்பி, வேறு வாங்கி, இடுப்பில் ஊசி குத்திச் சரிசெய்த தேவதை உடுப்புக்கு மேலே ஒரு கறுப்புக் கோட்டு ஏறும். ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்த பிறகு தேவதை, கடற்கன்னி, கிளியோபாட்ரா எல்லோரும் எட்டரை மணி ரயிலுக்கு நிற்கும் ஆபீஸ்காரர்கள் மாதிரிதான் இருப்பார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு சித்தாந்தம் உருவாகிவிட்டது. ஹாலோவீன் வேஷம் என்றால் கழுத்துக்கு மேலேதான். கீழே தெர்மல், ஸ்வெட்டர், கோட்டு, கம்பளிச் சாக்ஸ், நடக்க வசதியான ஷூ. மேலே மட்டும் வேஷம். குளிராது. உட்காரலாம், கார் ஓட்டலாம். எல்லாவற்றையும்விட, பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் கூப்பிடாமல் போய்விட்டு வரலாம். வால் வைத்த உடுப்புப் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமையைக் கண்ணீரோடு சொல்வார்கள்.

இந்தச் சித்தாந்தத்துக்கு எதிர்க்கட்சித் தலைவி ஹைடி க்ளூம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நியூயார்க்கில் ஹாலோவீன் விருந்து நடத்திவரும் மாடல் அழகி. 2022-இல் அவர் மண்புழுவாக வந்தார். கண்ணும் வாயும் தவிர மிச்சமெல்லாம் புழு. பக்கத்தில் கணவர் தூண்டில்காரர் வேஷத்தில். அம்மையார் கம்பளத்தில் படுத்து நெளிய, சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். புழுவுக்குக் கழுத்தே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சித்தாந்தத்தை இதைவிடக் கடுமையாக யாரும் எதிர்க்க முடியாது. அவருக்கு ஒப்பனைக்கென்று ஒரு படையே இருக்கிறது. நமக்கு ஆபீஸ் மீட்டிங் ஆறு மணிக்கு முடியும், ஆறே காலுக்கு வாசல் மணி அடிக்கும்.

கடையில் போய் வாங்கலாமே என்றால், பெண்கள் பகுதியை ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும். ஆண்களுக்கான தீயணைப்பு வீரர் பாக்கெட்டில் சட்டை, பேன்ட், தொப்பி, கோடாரி. பெண்களுக்கான பாக்கெட்டில் ஒரு குட்டைப் பாவாடையும் இரண்டு பட்டையும். எங்கேயாவது தீப்பிடித்தால் முதலில் அந்தம்மாவை அணைக்க வேண்டியிருக்கும். நர்ஸ், போலீஸ், கடற்கொள்ளைக்காரி யாரை எடுத்தாலும் துணி அதே அளவுதான், தொப்பிதான் வேறு. ஆக, கடைக்காரர்களும் என் கட்சிதான். அவர்களுக்கே அது தெரியாது. 2023-இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்கு 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்றும் அதில் வேஷத்துக்கு மட்டும் 410 கோடி என்றும் சில்லறை வணிகர்களின் தேசியச் சங்கம் கணித்தது. அத்தனை பணமும் கோட்டுக்குள்ளே போய்விடுகிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அந்தக் காலத்தில் அன்றிரவு ஆவிகள் ஊருக்குள் வரும் என்று நம்பி, அவை நம்மை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று முகத்தை மறைத்துக்கொண்டார்களாம். கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த பிறகு கிழங்கு போய்ப் பூசணிக்காய் வந்தது. அவர்களும் முகத்தைத்தான் கவனித்தார்கள் பாருங்கள். குளிர் தேசத்துக்காரர்கள், விவரம் தெரியும்.

சரி, யாராக வரலாம்? என் பட்டியலில் முதலில் நிற்பவள் வெட்னஸ்டே ஆடம்ஸ். நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து காரில் போய்விட்டு வரும் தூரத்தில் வெஸ்ட்ஃபீல்டு. அங்கே 1912-இல் பிறந்த சார்லஸ் ஆடம்ஸ் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் வரைந்த விபரீதக் குடும்பத்தின் பெண் அவள். 1964-இல் குடும்பத்தோடு டிவிக்கு வந்தாள். வெஸ்ட்ஃபீல்டுக்காரர்கள் இப்போது அக்டோபர் மாதம் அவர் பெயரில் திருவிழாவே எடுக்கிறார்கள். 2022-இல் ஜென்னா ஒர்டேகா நடித்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகு தெருவுக்கு நாலு வெட்னஸ்டே. தேவையானவை: கறுப்பு உடை, வெள்ளைக் காலர், இரட்டைச் சடை, சிரிக்காத முகம். காலரைக் கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இரட்டைச் சடைக்கு நமக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரைக்கும் தினமும் காலையில் நாங்கள் அத்தனை பேரும் வெட்னஸ்டேதான். முதல் பீரியட் கணக்கு என்பதால் முகமும் பொருத்தமாகவே இருக்கும்.

2024-இல் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஹாலோவீனுக்கு முந்தின சனிக்கிழமை தெருக்காரர்கள் பார்ட்டி. கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு, சீப்போடு அம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

“ஏட்டி, தீவாளிக்கு அஞ்சு நாள் இருக்கு. இப்பப் போயி கறுப்பை உடுத்திக்கிட்டு நிக்க. இந்த வயசுல ரெட்டைச் சடை வேறயா?”

“வேஷம்மா. போட்டு விடு.”

வேஷம் என்றாலும் சடை சடைதானே. எண்ணெய் வைக்காமல் போட மாட்டேன் என்றாள். உச்சியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் இறங்கியது. பிறகு இழுத்தாள் பாருங்கள், முப்பது வருஷம் முந்தி இழுத்த அதே இழுப்பு. புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டன. வெட்னஸ்டே கண் சிமிட்டாமல் பார்ப்பது ஒர்டேகாவின் நடிப்பில் பெரிதாகப் பேசப்பட்ட விஷயம். இயக்குநர் டிம் பர்ட்டன் சொல்லி அப்படிச் செய்தாராம். எங்கள் அம்மாவிடம் ஒரு தரம் தலையைக் கொடுத்திருந்தால் யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம். கண்ணை மூட இமைத்தோல் பற்றவில்லை எனக்கு.

அந்தப் பெண்ணுக்குச் சடை இரண்டும் கீழே தொங்கும் என்று எவ்வளவோ சொன்னேன். மடித்துக் கட்டாத சடையை அம்மா சடையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. பரிசுப் பொட்டலத்திலிருந்து பத்திரப்படுத்தியிருந்த சிவப்பு நாடாவை எடுத்து வந்து, காதுக்குப் பக்கத்தில் இரண்டு பூ வைத்துக் கட்டிவிட்டாள். பார்ட்டியில் அமெரிக்கர்கள் “வெட்னஸ்டேயா?” என்று கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டார்கள். தமிழ்ப் பெண்களுக்குச் சந்தேகமே இல்லை. “எந்த ஸ்கூல் நீங்க?” என்றார்கள்.

அடுத்து, ஆட்ரி ஹெப்பர்ன். ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ படம் 1961-இல் வந்தது. விடிகாலையில் ஐந்தாம் அவென்யூ நகைக்கடை வாசலில் தூக்கிப் போட்ட கொண்டை, முத்து மாலை, கறுப்புக் கண்ணாடியோடு பலகாரம் தின்றுகொண்டு நிற்பாரே, அவர்தான். கையில் காகிதக் கோப்பையில் காபி. காபியும் வேஷத்தில் சேர்த்தி என்கிற ஒரே காரணத்துக்காகவே இதை நான் சிபாரிசு செய்வேன். கவுன் எதுவானாலும் கோட்டுக்குள்ளே கிடக்கட்டும். படத்துக்காக ஜிவான்ஷி தைத்த கவுன்களில் ஒன்று 2006-இல் லண்டனில் 4,67,200 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்தப் பணம் கல்கத்தா ஏழைகளுக்காகப் பிரெஞ்சு எழுத்தாளர் தொமினிக் லாப்பியர் நடத்திய தொண்டு அமைப்புக்குப் போய்ச் சேர்ந்ததாம். கோட்டுக்குள் மறையாமல் உருப்படியான காரியத்துக்குப் போன கவுன் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். “சரோஜாதேவி கொண்டை” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

செலவே இல்லாமல் வேண்டுமென்றால் ரோசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்காக ஹோவர்டு மில்லர் வரைந்த சுவரொட்டியில் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் பெண். நீலச் சட்டை, தலையில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி. அந்தச் சட்டை வீட்டுக்காரர் அலமாரியில் இருக்கும். தலைத்துணிக்கு இந்த ஊர்க் கடையில் நான் அலையவில்லை. அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடி கிழிந்து, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணியாகச் சேவகம் செய்துகொண்டிருந்தது. துவைத்துக் கட்டினால் அச்சு அசல் ரோசி. லேசாகச் சாம்பார் வாசனை வரும், அவ்வளவுதான்.

பூனைக் காது வைத்த பட்டை, ஐலைனரில் நாலு மீசைக் கோடு என்பது ஆபீஸ்காரிகளின் அவசர வேஷம். குறையொன்றும் இல்லை, சுவாரசியமும் இல்லை. மேலே போவோம்.

நம் ஊர் மோகினியாக வரலாமே என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. வெள்ளைச் சேலை, மல்லிகைப் பூ, ஜல் ஜல் கொலுசு. ஆனால் வாசலுக்கு வாசல் நின்று மோகினி யார், எந்தப் புளியமரம், ஏன் சுண்ணாம்பு கேட்பாள் என்றெல்லாம் யார் விளக்குவது? விளக்கவுரை கேட்கும் வேஷம் எனக்கு ஒத்துவராது. அதற்குப் பதில் தலைமுடி முழுவதையும் முன்னால் சீவி முகத்தை மூடிவிட்டால், 2002-இல் வந்த ‘தி ரிங்’ படத்துச் சமாரா. கிணற்றிலிருந்து ஏறி, டிவிக்குள்ளிருந்து இறங்கி வருமே, அந்தப் பேய். இந்த ஊரில் சமாராவைத் தெரியாதவர்கள் குறைவு. நீள முடிக்காரிகளுக்கு முழுக்க இலவசம். இரண்டே சிக்கல்: படி தெரியாது, அப்புறம், விளக்கு வைத்த நேரத்தில் தலையை விரித்துப் போட்டால் அம்மா விட மாட்டாள்.

சூனியக்காரி, ஆண்டுதோறும் பெரியவர்கள் விரும்பும் வேஷத்தில் முதலிடம் அவளுக்குத்தான். காரணம் வேறென்ன, கூம்புத் தொப்பி ஒன்று போதும். மற்றபடி அவள் எந்தக் கோட்டும் போட்டுக்கொள்ளலாம். முகத்தில் மட்டும் பச்சைச் சாயம் வேண்டாம். 1939-இல் வெளியான ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் மார்கரெட் ஹாமில்டனுக்குப் பூசிய பச்சையில் தாமிரம் கலந்திருந்தது. படப்பிடிப்பில் தீக்காயம் பட்டபோது முதல் வேலையாக அந்தச் சாயத்தைத் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய சாயத்தில் தாமிரம் இருக்காதுதான். ஆனால் தலையணை உறையில் ஒட்டினால் போகாது.

இப்படி நான் எல்லோருக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த அந்த 2024-இல், தீபாவளியும் அக்டோபர் 31-ஆகவே வந்து தொலைத்தது. வியாழக்கிழமை, ஆபீஸ் உண்டு. விடிவதற்குள் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, காஞ்சிபுரம் பட்டைக் கட்டச் சொல்லி, ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய மல்லிகையைத் தலையில் வைத்து, ஜிமிக்கியோடு அனுப்பிவிட்டாள். மேலே வழக்கம் போலக் கறுப்புக் கோட்டு.

அதற்கு முந்தின வாரம் ஆபீஸில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: அடுத்தவர்களுடைய பண்பாட்டை வேஷமாகப் போட்டுக்கொண்டு வராதீர்கள். நியாயமான பேச்சுதான். 2011-இல் ஓஹையோ பல்கலைக்கழக மாணவர்கள் இதே கருத்தைச் சுவரொட்டி போட்டுச் சொன்ன பிறகு நாடு முழுக்கப் பரவியது. நம் ஹைடி அம்மையாரே 2008-இல் காளியாக வந்து, இந்து அமைப்புகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

நான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே வரவேற்பு மேஜை இளைஞன் எழுந்து நின்றுவிட்டான். பூ, பொட்டு, ஜிமிக்கி மட்டும்தான் அவனுக்குத் தெரிகிறது. என் சித்தாந்தத்துக்கு இதைவிட ருசு வேண்டாம். “பிரமாதம்! இன்றைக்கு நீங்கள் யார்?” என்றான்.

“தீபாவளி,” என்றேன்.

அதை அப்படியே ஆபீஸ் வேஷப் போட்டித் தாளில் எழுதிக்கொண்டான் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. முதல் பரிசு, காற்றடைத்த டைனோசருக்கு. மேடைக்கு வரும் வழியில் கதவுக்குள் நுழைய முடியாமல் அவருக்குப் பாதிக் காற்றை இறக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பரிசு, “அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து இளவரசி தீபாவளி!”

சுற்றறிக்கை அனுப்பிய அதிகாரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பரிசு கொடுத்தால் என் பண்பாட்டை வேஷம் என்று சொன்னதாகும். அறிவித்த பிறகு கொடுக்காவிட்டால் என் பண்பாட்டுக்குப் பரிசை மறுத்ததாகும். என்னைத் தனியே கூப்பிட்டு, நான் மனம் புண்பட்டிருக்கிறேனா என்று மெதுவாகக் கேட்டார். எத்தனை டாலர் கூப்பன் என்று நானும் மெதுவாகக் கேட்டேன். இருபத்தைந்து என்றார். புண்படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் மிட்டாய் கொடுக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஆசையாக ஒரு சூனியக்காரித் தொப்பியைக் கொண்டுவந்து கொடுக்க, அது அம்மாவின் கொண்டைமேல் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது. பட்டுச் சேலை, என் ஸ்வெட்டர், அப்பாவின் சாக்ஸ், அதற்கு மேலே கூம்புத் தொப்பி. வீட்டில் செய்ததைக் கொடுக்கக் கூடாது, உறை பிரிக்காத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுங்காகத்தான் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு மேல், எந்த வேஷமும் இல்லாமல் பையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நெடுநெடு பையன் வந்து நின்றான். அரும்பு மீசை வேறு. “ஏல, என்ன வேசம் இது?” என்றாள். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவன் தன் பனியன் சட்டையைத் தொட்டுக் காட்டி, கல்லூரி மாணவன் என்றான். அதையும் தமிழில் சொன்னேன். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்லியே இவனுக்கு,” என்று சொல்லிவிட்டு, பாவம் பார்த்து ஒரு மிட்டாயைப் போட்டாள். நான் தடுப்பதற்குள் முந்தானை மறைவிலிருந்து இரண்டு கை முறுக்கும் பைக்குள் விழுந்தன. அவன் அங்கேயே நின்று ஒன்றைக் கடித்துப் பார்த்தான். மறுநாள் சாயங்காலம், ஊரெல்லாம் பூசணிக்காயைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது, திரும்ப வந்து மணி அடித்தான். தலையில் அவன் தங்கச்சியின் பூனைக் காது.