துணைக்கு உட்கார்ந்தவர்

மாடம்பாக்கத்தில் தொண்ணூறுகளிலேயே மனை வாங்கிப் போட்டு, மெல்ல வீடு கட்டி, இப்போது ஏரிப் பக்கம் காலையில் நடக்கப் போகும் தாத்தாக்களுக்கு எல்லாவற்றைப் பற்றியும் கருத்து உண்டு. தாம்பரம் மாநகராட்சி, வேளச்சேரி சாலை நெரிசல் என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சு, மே மாதத்தில் திடீரென்று பொம்மைப் படங்களுக்குத் திரும்பும். பேரன் வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அவர்களில் ஒருவரான நம்மவர் அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை. குழந்தைக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். தண்ணி கேன் போட வருகிறவர் வரை எல்லோரிடமும் இதைத் தெளிவுபடுத்திவிடுவார். கையில் செய்தித்தாள் இருக்கும். அரை மணி நேரமாக ஒரே பக்கம்.

"படமா சார் இது? பொம்மை விக்கிறதுக்கு ரெண்டு மணி நேர விளம்பரம்!"

பாதி நியாயம்தான். 2014-ல் வந்த 'தி லெகோ மூவி'க்குக் கடைச் சரக்கின் பெயரையே வைத்தார்கள். ஆனால் 1995-ன் 'டாய் ஸ்டோரி'யில் வரும் பொம்மைகளான வுடியும் பஸ்ஸும் படத்துக்காகவே பிறந்தவர்கள். அங்கிருந்துதான் கடைக்குப் போனார்கள். அந்தப் படத்துக்குப் பார்பியைக் கேட்டபோது மேட்டல் நிறுவனம் தர மறுத்துவிட்டது. படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, 1999-ல் இரண்டாம் பாகத்துக்கு அனுப்பி வைத்தது. இதைச் சொன்னால், "அதான் சொல்றேன், வியாபாரம்!" என்பார். எப்படிச் சுண்டினாலும் அவருக்கே பூ விழும்.

அடுத்தது லாஜிக். "பொம்மை எப்படிங்க பேசும், நடக்கும்? காதுல பூ சுத்தறான்." சொல்கிறவர் யார்? நவராத்திரிக்குப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, கொலுப் படியில் மரப்பாச்சி ஜோடிக்குப் பட்டு உடுத்துகிறவர். விஜயதசமி ராத்திரி அதைப் படுக்க வைக்கும்போது மனைவியைப் பார்த்து, "மெதுவா, மெதுவா, தலை இடிச்சுடப் போகுது" என்று பதறுகிறவர்.

"எங்க காலத்துல பனங்காய் வண்டி. அதை வெச்சு எவன் படம் எடுத்தான்?" என்றும் கேட்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஹாலில் ஒரு ஷோகேஸ் உண்டு. மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரயில் அதில் இருக்கிறது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை. சாவி சாமி அலமாரியில். "கண்ணால பாருடா ராஜா. தொட்டா உடைஞ்சிடும்." லெகோ படத்தில் வில்லன் யார் தெரியுமோ? தான் கட்டிய ஊரை மகன் கலைத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டப் பார்க்கும் அப்பா. 'டாய் ஸ்டோரி 2'-ல், காலமெல்லாம் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்து மனசு புளித்துப்போன ஒரு கிழட்டுப் பொம்மை. இரண்டு கட்டத்திலும் பேரன் திரும்பித் தாத்தாவைப் பார்க்கிறான். தாத்தா அவசரமாகப் பங்குச் சந்தை நிலவரம் படிக்கிறார்.

'டாய் ஸ்டோரி'யின் மூன்றாம் பாகம் 2010-ல் வந்தது. அந்தப் பொம்மைகளுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டி கல்லூரிக்குக் கிளம்புகிறான். காலியான அறையில் அம்மா நின்று பார்க்கிறாள். நம்மவர் வீட்டு மாடியிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. கல்லூரி, வேலை என்று மகன் போனபின் துணி உலர்த்த உதவுகிறது. பேரன் கால்மேல் கால் போட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இதில் அழ ஒன்றுமில்லை. தாத்தாதான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "இந்த ஃபேன்ல ஒரே தூசு."

இந்தப் படங்களை எடுக்கிறவர்கள் குறி வைப்பதே துணைக்கு உட்கார்ந்தவரைத்தான் என்பது என் சந்தேகம்.

2019-ல் நான்காம் பாகமும் வந்தது. "மூணோட நிறுத்தியிருக்கணும் சார்" என்கிறார். அந்த ஒன்றில் மட்டும் நான் அவர் கட்சி.