ஆயா கட்டணம்

புதுச்சேரியில் எங்கள் ஏம்பலம் பக்கம் ஆயா என்றால் இரண்டு பேர். ஒருத்தி அம்மாவையோ அப்பாவையோ பெற்றவள். இன்னொருவர் நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி, கால் கழுவிவிடுகிறவர். முதல் ஆயாவுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டாவது ஆயாவுக்கு உண்டு என்று, ரசீதைப் பார்த்து நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2019 ஜூனில் மகளை ப்ரீ கே.ஜி.யில் சேர்த்தோம். ரசீதில் டியூஷன், வேன், ஸ்மார்ட் கிளாஸ் என்று வரிசையாக இறங்கிவந்து, கடைசி வரியில் ‘ஆயா: மாதம் 150’ என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

“ஆயாவுக்குத் துட்டா?” என்றாள் என் அம்மா. “அப்ப உன்னையும் உன் தம்பியையும் வளத்ததுக்கு, இப்ப உன் பொண்ணைப் பாத்துக்கிறதுக்கு, எனக்கு எவ்ளோடா பாக்கி?”

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை நாடே ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டது. 25 முதல் 21 நாள் ஊரடங்கு. 21 நாளில் தீர்ந்துவிடும் என்று மளிகைக்கடை அண்ணாச்சி முதல் நான் வரை எல்லோரும் கணக்குப் போட்டோம். மகளுக்கு மட்டும் ஒரே குஷி. அவள் கேட்ட வரம் அதுதானே.

ஜூனில் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கும்பிடு பொம்மைகளோடு தகவல் வந்தது. மகள் எல்.கே.ஜி.க்குத் தேர்ச்சி. முதல் தவணை கட்டவும். பட்டியலில் வேன் மட்டும் இல்லை. ஆயா இருந்தார்.

ஆபீசுக்குப் போன் போட்டேன். “ஸ்கூலே பூட்டிக் கிடக்கு, ஆயா காசு எதுக்கு சார்?”

“அது பேக்கேஜ் சார். பிரிச்சுப் பாக்கக் கூடாது.”

பேக்கேஜ் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கினேன். “கல்யாண சமையல்காரன் பேசற மாதிரியா?” என்றாள். “அவன்கூட பந்தி நடக்கலன்னா எலைக் காசக் கழிச்சிடுவானே!”

ஜூலை 17-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்ட் முடிவுக்குள் வாங்கலாம். பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள் இன்னொரு 35 சதவீதம் வாங்கலாம். மறுபடி போன் போட்டேன்.

“அது தமிழ்நாடு சார்.”

எங்கள் ஜில்லாவின் அமைப்பு அப்படி. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொரு வாய்க்காலைத் தாண்டினால் திரும்பவும் புதுச்சேரி. அந்த வருஷம் எல்லை கடந்து விலை சமமானது ஒரே ஒரு சரக்குக்குத்தான். மே 25-ல் மதுக்கடைகள் திறந்தபோது, விலை மலிவு என்று அந்தப் பக்கத்து ஆட்கள் திரண்டு வந்துவிடக் கூடாது என்று, கொரோனா வரி போட்டு இரண்டு பக்க விலையையும் சமமாக்கினார்கள். அந்தக் கிளாஸுக்குக் கிடைத்த சமநீதி இந்தக் கிளாஸுக்குக் கிடைக்கவில்லை.

ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. வீட்டுக்குள் சிக்னல் வராது என்பதால் எல்.கே.ஜி. மொட்டை மாடியில் நடந்தது. நாற்பது நிமிஷ வகுப்பில் முப்பது நிமிஷம் “மிஸ், கேக்குதா?” என்பதிலேயே போகும். மீதிப் பத்து நிமிஷத்தில் எங்கள் வீட்டுக் கோழி தலைகாட்டும். மிஸ்ஸைக் குறை சொல்ல மனசு வராது. பாவம், பாதிச் சம்பளத்தில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். மகளுக்கு மூக்கு ஒழுகினால் முந்தானையோடு ஓடுவது அம்மாதான். ஒருநாள் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நீ துட்டு கட்டற ஆயா இதுக்குள்ள எங்கடா இருக்கா?”

அதற்கான பதில் வாய்க்கால் கரையில் கிடைத்தது. நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்த பெண்களில் ஒருவர் முகக்கவசத்தை இறக்கிச் சிரித்தார். பள்ளி ஆயா.

“பாப்பா இன்னும் தயிர்சோத்தை ஒதுக்குதா தம்பி? ஊறுகா எண்ணெயத் துளி தொட்டுக் குடுங்க, தின்னுடும்.”

ஒரு வருஷம் நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியும் கண்டுபிடிக்காத ரகசியம் அது. சம்பளம் வருகிறதா என்று கேட்டேன்.

“மார்ச்சோட நின்னுபோச்சு. ஸ்கூலே பூட்டிக் கிடக்கு, ஆயா எதுக்குன்னுட்டாங்க.”

வார்த்தைக்கு வார்த்தை நான் கேட்ட அதே கேள்வி. என்னிடம் பிரிக்கவே முடியாத பேக்கேஜை அவரிடம் மட்டும் பிரித்துவிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மரத்தில் இருந்த முருங்கைக்காயை ஒன்றுவிடாமல் பறித்துக் கட்டி, அந்த ஆயா வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அன்று ராத்திரி தயிர்சோற்றில் ஊறுகாய் எண்ணெய் தொட்டோம். தட்டு காலி.

2021 மே 3-ல் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில், 2020-21-க்கான கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. பூட்டிய பள்ளிக்கு மின்சாரம், தண்ணீர், டீசல் செலவெல்லாம் மிச்சம்தானே என்பது கோர்ட்டின் கணக்கு. “மிச்சமான கரண்டெல்லாம் நம்ம வூட்டு மீட்டர்லதானே ஓடுச்சு!” என்றாள் அம்மா. பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே நேரில் போனேன்.

“அது ராஜஸ்தான் சார்.”

யு.கே.ஜி.யும் மொட்டை மாடியிலேயே முடிந்தது. எல்.கே.ஜி. அறைக்குள் ஒருநாள்கூடக் கால் வைக்காமல் என் மகள் 2022-ல் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். முதல் நாள் அம்மாவும் கூட வந்தாள். கேட்டருகே வந்ததும் மகள் என் கையை உதறிவிட்டு, ஊரே கேட்கிற மாதிரி “ஆயா!” என்று அலறினாள்.

இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருத்தி எனக்குப் பின்னாலிருந்து, ஒருவர் கேட்டுக்கு உள்ளேயிருந்து. அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஒருவர் மூக்கைத் துடைக்க, ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

நான் கையிலிருந்த புது ரசீதைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புக்கு ஆயா கட்டணம் கிடையாதாம்.